ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை உப்பு?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், மாணவர்களுக்கான அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். "உன் தொழிலிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து, முதல் வருஷப் பையனுக்கும் புரிகிற மாதிரி பேசு" என்று சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை, அதாவது அயனிகளை, தலைமுடி கனமே உள்ள ஒரு குழாயில் ஓடவிட்டுப் பிரித்துக் கண்டுபிடிக்கும் முறை. ஆங்கிலத்தில் கேப்பில்லரி எலக்ட்ரோபோரசிஸ் என்கிறார்கள். நுண்குழாய் மின்முனைக் கவர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். பெயர்தான் பயமுறுத்துகிறது. சமாசாரம் எளிமையானது.

இது எதற்கு நமக்கு?

முதல் வருஷத்தில் நாம் எல்லோருமே வேதியியல் லேபில் தண்ணீரைச் சோதித்திருக்கிறோம். கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. கரைசல், குளோரைடுக்கு சில்வர் நைட்ரேட், காரத்தன்மைக்கு அமிலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பியூரெட், ஒரு நிறங்காட்டி, ஒரு மணி நேரம். நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராமத்துக்காரர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, "சார், இதைப் பிள்ளைங்களுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?" என்று கேட்டால், அந்த மூன்று சோதனைகளை வைத்துப் பதில் சொல்ல முடியுமா?

முடியாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேச்சுக்காக நான் எழுதும் எண்கள் இவை. ஒரு லிட்டர் தண்ணீரில் சோடியம் 115 மில்லிகிராம், கால்சியம் 60, மக்னீசியம் 24, பொட்டாசியம் 4. எதிர்ப்பக்கம் குளோரைடு 177, சல்பேட் 48, பைகார்பனேட் 183, நைட்ரேட் 62, புளோரைடு 1.9. இந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். நாக்கிலும் பெரிதாகக் கரிக்காது. குளோரைடு சோதனை செய்தால் பாஸ். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு 250 வரை ஏற்கிறது. சல்பேட்டுக்கு 200. அதுவும் பாஸ். ஆனால் நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்தான், அதற்கு மேல் சலுகையே கிடையாது. புளோரைடுக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. ஆக, இந்தத் தண்ணீர் இரண்டிலும் தவறிவிட்டது. நாம் லேபில் செய்த மூன்று சோதனைகளும் அதைக் காட்டியிருக்காது.

நைட்ரேட் அதிகமானால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். புளோரைடு அதிகமானால், பல் முளைக்கும் வயதில் உள்ள பிள்ளைகளுக்குப் பல்லில் கறை ஏறும். ஒருமுறை ஏறினால் போகாது. நீண்ட காலம் குடித்தால் எலும்பையே பாதிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. அந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள புளோரைடுதான் காரணம்.

ஆகவே, தண்ணீரில் என்னென்ன அயனி எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒரு முறை வேண்டும். அப்படிப்பட்ட முறைகளில் ஒன்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஓட்டப் பந்தயம்

கரைசலில் இரண்டு மின்முனைகளை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், நேர்மின் அயனிகள் எதிர்முனைக்கும் எதிர்மின் அயனிகள் நேர்முனைக்கும் ஓடும். இது நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் எல்லா அயனியும் ஒரே வேகத்தில் ஓடாது. மின்சுமை அதிகமாக இருந்தால் இழுப்பு அதிகம். உருவம் பெரிதாக இருந்தால் தண்ணீரின் தடை அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு அயனிக்கும் ஒரு சொந்த வேகம் அமைகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றில் எது வேகமாக ஓடும்? லித்தியம்தானே சின்னது, அதுதான் முதலில் வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. லித்தியம் சின்னதாக இருப்பதாலேயே அதன் மின்சுமை ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது. அதனால் அது சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்த மூட்டையையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால், மூன்றிலும் கடைசியாக வருகிறது. பொட்டாசியம்தான் முதல்.

மின்புலத்தில் துகள்கள் நகர்வதை வைத்து அவற்றைப் பிரிக்கும் கலையைப் பெரிய அளவில் வளர்த்தவர் ஸ்வீடனின் ஆர்னே டிசேலியஸ். 1937-இல் அவர் வெளியிட்ட முறையைக் கொண்டு ரத்தத்தின் புரதங்களைப் பிரித்தார். 1948-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஒரு தொல்லை அவர்களை விடவில்லை. மின்சாரம் பாய்ந்தால் கரைசல் சூடாகிறது. சூடானால் உள்ளே கொதிக்கும் உலை மாதிரி நீரோட்டம் கிளம்புகிறது. பிரிந்துவந்த அயனிகள் மறுபடியும் கலந்துவிடுகின்றன. டிசேலியஸின் மாணவர் ஸ்டெல்லன் யெர்டன் 1967-இல் சில மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை அதன் அச்சிலேயே மெதுவாகச் சுழலவிட்டு இதைச் சமாளித்தார். 1979-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் மிக்கர்ஸ், எவரார்ட்ஸ், வெர்ஹெகன் ஆகியோர் 0.2 மில்லிமீட்டர் டெஃப்லான் குழாயில் சிறிய அயனிகளைப் பிரித்துக் காட்டினார்கள். 1981-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஜோர்கன்சனும் கிரின் லூகாக்ஸும் 75 மைக்ரான் கண்ணாடிக் குழாயில், 30,000 வோல்ட் வரை கொடுத்து ஓட்டினார்கள். அன்றைக்குத்தான் இந்தத் துறைக்கு வழி பிறந்தது.

குழாய் ஏன் அவ்வளவு சன்னமாக இருக்க வேண்டும்? மெக்கானிக்கல் தம்பிகளுக்கு இது உடனே விளங்கும். வெப்பம் உண்டாவது குழாயின் கன அளவில், வெளியேறுவது அதன் சுவர் வழியாக. குழாயின் நடுவுக்கும் சுவருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், உள் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆரத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் வித்தியாசம் நூறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் சன்னக் குழாயில் தைரியமாக ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்க முடிகிறது.

காகிதத்தில் ஒரு கணக்கு

இன்று பயன்படும் குழாய் உருக்கிய சிலிக்காவால் ஆனது. உள்விட்டம் 50 அல்லது 75 மைக்ரான். வெளியே பாலிஇமைடு பூச்சு இருப்பதால் விரலில் சுற்றினாலும் உடைவதில்லை. 60 சென்டிமீட்டர் நீளம், 75 மைக்ரான் உள்விட்டம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே பிடிக்கும் மொத்தக் கரைசல் சுமார் 2.65 மைக்ரோ லிட்டர். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 50 மைக்ரோ லிட்டர். ஆக ஒரு சொட்டில் இந்தக் குழாயைப் பதினெட்டு தடவை நிரப்பலாம். அதற்குள் நாம் செலுத்தும் மாதிரித் தண்ணீரோ சில நானோ லிட்டர்தான்.

30,000 வோல்ட்டை 60 சென்டிமீட்டருக்குக் கொடுத்தால், சென்டிமீட்டருக்கு 500 வோல்ட். கண்டறியும் கருவி 50-ஆவது சென்டிமீட்டரில் இருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில் உள்ள அயனிக் கடத்துதிறன் அட்டவணையை எடுத்துக்கொண்டு, குழாய்க்குள் வேறு ஓட்டம் எதுவும் இல்லை என்று வைத்துக் கணக்கு போட்டால், புரோமைடு சுமார் 124 செகண்டில் வரும். குளோரைடு 126 செகண்டு. நைட்ரேட் 135. புளோரைடு 174. மூன்றே நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

புரோமைடுக்கும் குளோரைடுக்கும் இரண்டு செகண்டுதானே வித்தியாசம், பிரியுமா என்று கேட்பீர்கள். பிரியும். ஏனென்றால் ஒவ்வொரு அயனிக் கூட்டமும் கலையாமல், ஒரு மெல்லிய தட்டு மாதிரி நகர்ந்து வருகிறது. சல்பேட்டை மட்டும் அட்டவணையை நம்பிச் சொல்ல முடியாது. அட்டவணைப்படி அது எல்லோருக்கும் முன்னால் வர வேண்டும். ஆனால் அதற்கு இரட்டை மின்சுமை. கரைசலில் உள்ள எதிர் அயனிகள் அதைச் சூழ்ந்து பின்னால் இழுக்கின்றன. அதனால் நடைமுறையில் குளோரைடுக்குப் பின்னால் வந்து சேருகிறது. கரைசலின் செறிவை மாற்றினால் அதன் இடமும் மாறும். இது தொல்லை போலத் தெரிந்தாலும் நமக்கு வசதிதான். இரண்டு அயனிகள் ஒட்டிக்கொண்டு வந்தால், செறிவை மாற்றிப் பிரித்துவிடலாம்.

ஒன்றாகவே வரும் இரட்டையர்களும் உண்டு. பொட்டாசியமும் அம்மோனியமும் கிட்டத்தட்ட ஒரே வேகம். அதற்கு 18-கிரவுன்-6 என்ற மோதிரம் போன்ற மூலக்கூற்றைக் கரைசலில் சேர்க்கிறார்கள். பொட்டாசியம் அந்த மோதிரத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்து கனமாகிவிடும். அம்மோனியம் முந்திக்கொண்டு போய்விடும்.

சுவரும் சும்மா இருப்பதில்லை

இப்போது ஒரு சிக்கல். சிலிக்காக் குழாயின் உள்சுவர் தண்ணீர் பட்டதும் எதிர்மின்சுமை ஏற்றுக்கொள்கிறது. அதை ஒட்டி நேர்மின் அயனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மின்னழுத்தம் கொடுத்ததும் அந்த வரிசை முழுவதும் எதிர்முனையை நோக்கி நகர்ந்து, குழாயிலுள்ள மொத்தத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பம்பே இல்லாமல் ஓட்டம். சாதாரணக் குழாயில் தண்ணீர் ஓடினால் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும் அல்லவா? இங்கே அப்படியில்லை. குறுக்குவெட்டு முழுவதும் ஒரே வேகம். அயனிக் கூட்டங்கள் கலையாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகளுக்கு இது ஆற்றோடு போகும் படகு. ஆனால் குளோரைடு, நைட்ரேட் போன்றவை ஆற்றை எதிர்த்து நேர்முனைக்கு ஓட வேண்டியவை. மெதுவானவை அடித்துக்கொண்டு போகப்பட்டு ஒருபக்கம் வரும், வேகமானவை எதிர்நீச்சல் போட்டு மறுபக்கம் போய்விடும். நடுத்தர வேகமுள்ளவை எந்தப் பக்கமும் நகராமல் நின்றுகொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எண்ண முடியாது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, ஆற்றையே திருப்பிவிடுவது. நீண்ட வால் கொண்ட, நேர்மின்சுமையுள்ள ஒரு சோப்பு வகை மூலக்கூற்றைக் கரைசலில் கொஞ்சம் சேர்த்தால், அது சுவரில் இரட்டை அடுக்காகப் படிந்து, சுவரை நேர்மின்சுமை உள்ளதாக மாற்றிவிடும். ஓட்டம் நேர்முனையை நோக்கித் திரும்பும். மின்னழுத்தத்தின் முனைகளையும் மாற்றிவிட்டால் எதிரயனிகள் எல்லாம் ஒரே திசையில், ஓட்டத்தோடு சேர்ந்து, முன்னைவிட விரைவாக வந்து சேரும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் ஜோன்ஸ், பீட்டர் யாண்டிக் இருவரும் இந்த உபாயத்தைக் கொண்டு 30 எதிரயனிகளைச் சுமார் 3 நிமிடத்தில் பிரித்துக் காட்டினார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் காண்பது எப்படி?

பிரித்தாயிற்று. இனி யார் எப்போது வந்தார் என்று பார்க்க வேண்டும். குளோரைடுக்கு நிறமில்லை. சல்பேட்டுக்கு இல்லை. சோடியத்துக்கும் இல்லை. புற ஊதா ஒளியிலும் இவை பெரும்பாலும் தெரிவதில்லை. போதாததற்கு, ஒளி கடக்க வேண்டிய தூரமே 75 மைக்ரான்தான்.

அதற்குச் செய்த தந்திரம், கரைசலுக்கே நிறம் கொடுப்பது. சுமார் 5 மில்லிமோல் குரோமேட் கரைசலைக் குழாயில் நிரப்புகிறார்கள். அது 254 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். குளோரைடு கூட்டம் வரும் இடத்தில், மின்சுமைச் சமநிலைக்காகக் குரோமேட் விலகி இடம் விட வேண்டும். அந்த இடத்தில் ஒளி கூடுதலாகக் கடந்து வரும். கூட்டமான சாலையில் ஒரு வெள்ளை வேட்டிக்காரர் கூட்டம் நடுவில் வந்தால் எப்படித் தெரியுமோ அப்படி. குரோமேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், அதன் வேகமும் குளோரைடு, சல்பேட், நைட்ரேட் இவற்றின் வேகமும் அருகருகே இருப்பது. வேகம் பொருந்தாவிட்டால் பதிவில் வரும் முகடுகள் ஒருபக்கம் சரிந்து வால் நீண்டுவிடும். நேரயனிகளுக்கு இதே வேலையை இமிடசோல் செய்கிறது.

இந்தக் குரோமேட் முறையை அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்., டி-6508 என்ற எண்ணில் 2000-இல் தண்ணீர்ச் சோதனைக்கான தர முறையாக வெளியிட்டது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலிருந்து அளக்கலாம். நமது புளோரைடு எல்லை 1 மில்லிகிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இது போதுமான துல்லியம்தான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. குரோமேட் என்பது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகம் ஒப்புக்கொண்ட நஞ்சு. 5 மில்லிமோல் கரைசலில் லிட்டருக்கு 260 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறது. குடிநீரில் நம் தர எல்லை 0.05 மில்லிகிராம். ஐயாயிரம் மடங்கு! அதாவது ஒரு லிட்டர் கரைசலை அலட்சியமாகக் கொட்டினால் ஐயாயிரம் லிட்டர் தண்ணீரைக் கெடுத்துவிடலாம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுமேடு, சுற்றியுள்ள நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். தண்ணீர் நல்லதா என்று பார்க்கிற கருவியே தண்ணீருக்கு விஷம் வைத்தால் எப்படி? இந்தக் கருவிக்கு ஒரு நாளைக்குச் சில மில்லி லிட்டர்தான் வேண்டும் என்பது உண்மை. நன்றாக நடத்தப்படும் சோதனைக்கூடம் அதைச் சேகரித்து முறையாக அப்புறப்படுத்தும். ஆனால் கல்லூரி லேபில் தொட்டிக் குழாய் பக்கத்தில் இருக்கும்போது, கைக்கு எது சுலபம் என்று உங்களுக்குத் தெரியாததா?

தொடாமல் அளப்பது

இதற்குத் தீர்வு எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கையில் இருந்தது. அயனி என்றால் மின்சாரம் கடத்தும். அப்படியானால் கடத்துதிறனையே அளந்தால் என்ன? நிறமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். அளக்க மின்முனையைக் கரைசலுக்குள் நுழைக்க வேண்டுமே, அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் தடை.

1998-இல் இரண்டு இடங்களில் தனித்தனியாக இதற்கு விடை வெளியானது. ஒன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஆண்ட்ரியாஸ் சேமன் குழு. இன்னொன்று பிரேசிலின் சாவ் பாவ்லோவில் பிரகாசி ட சில்வா, டோ லாகோ இருவர். இரு குழுக்களும் சொன்னது ஒன்றே. மின்முனையை உள்ளே நுழைக்க வேண்டாம், குழாய்க்கு வெளியே இரண்டு உலோக வளையங்களை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மாட்டினால் போதும். ஒரு வளையத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ ஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் கொடுங்கள். குழாயின் சுவர் ஒரு மின்தேக்கி. உள்ளே கரைசல் ஒரு மின்தடை. மறுவளையம் இன்னொரு மின்தேக்கி. உயர் அதிர்வெண் சுவரைத் தாண்டி உள்ளே போய் மறுபடி வெளியே வரும். அயனிக் கூட்டம் கடக்கும்போது மின்தடை மாறும், மின்னோட்டம் மாறும். நேர்மின்சாரமான உயர் அழுத்தமோ மின்தேக்கியைத் தாண்டாது, நம் சுற்றைத் தொடாது. இரண்டு வளையங்களும் காற்று வழியாக நேரடியாகப் பேசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு உலோகத் தகட்டை வைத்து எர்த் செய்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷ இ.சி.இ. தம்பிகளே, இந்தச் சுற்றுக்கு என்ன வேண்டும்? ஒரு அலை உற்பத்திச் சுற்று, மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்ற ஒரு ஆப்-ஆம்ப், ஒரு ரெக்டிபையர், ஒரு வடிகட்டி, ஒரு ஏ.டி.சி. இதில் எதை நீங்கள் லேபில் செய்யாமல் விட்டீர்கள்? கரைசலுக்குக் குரோமேட் தேவையில்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் எம்.இ.எஸ். என்ற தாங்கலும் கலந்தால் போதும். இரண்டும் அயனியாகக் குறைவாகக் கடத்துபவை. அதனால் நாம் தேடும் அயனி வரும்போது பளிச்சென்று தெரியும். எதிரயனி, நேரயனி இரண்டுக்கும் அதே கருவி.

எங்கெல்லாம் பயன்பட்டது?

நெதர்லாந்தின் டிவென்டே பல்கலைக்கழகத்தில், கண்ணாடிச் சில்லில் செதுக்கிய நுண்குழாயில் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டு லித்தியம் அளப்பதை 2004-இல் செய்து காட்டினார்கள். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு லித்தியம் மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.5 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. அதற்குக் கொஞ்சம் மேலே போனாலே நஞ்சு. பக்கத்திலேயே சோடியம் 140 மில்லிமோல், நூறு மடங்குக்கும் மேல். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வரும் இந்தச் சின்ன முகட்டைப் பிரித்துக் காட்டியதுதான் சாதனை.

குண்டுவெடிப்பு நடந்த இடத்தில் எடுத்த மண்ணில் நைட்ரேட், குளோரேட், பெர்குளோரேட் இருக்கிறதா என்று பார்க்க 1992 முதலே இந்த முறை தடயவியலில் ஆராயப்பட்டது. வழக்கமான அயனி குரோமட்டோகிராபி, பிசினில் ஒட்டுவதை வைத்துப் பிரிக்கிறது. இது ஓடும் வேகத்தை வைத்துப் பிரிக்கிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் நீதிமன்றம் நம்பும் இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வியட்நாம். செவ்வாற்றுச் சமவெளியின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது 2001-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஹனோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹவுசர் குழுவோடு சேர்ந்து, இந்தத் தொடாமல் அளக்கும் முறையில் ஆர்சனிக்கை அளக்கும் வழியை 2007-இல் வெளியிட்டார்கள். 2013-இல், கையில் தூக்கிக்கொண்டு போகிற கருவியையே சேர்ந்து வடிவமைத்து வெளியிட்டார்கள். கருவி வாங்கப் பணம் வரும் வரை காத்திருக்கவில்லை, தாங்களே கட்டினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

விற்பனைப் பிரதிநிதி மாதிரி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. 1990-களில், இந்த முறை வந்து அயனி குரோமட்டோகிராபியை ஓரங்கட்டிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. 1975-இல் பிறந்த குரோமட்டோகிராபி இன்னும் குறைந்த அளவுகளைக் காணும், தினமும் ஒரே மாதிரி விடை தரும். நமது முறையிலோ குழாயின் சுவர் கொஞ்சம் மாறினால் ஓட்டம் மாறும். ஓட்டம் மாறினால் முகடுகளின் நேரம் நகரும். நேற்று நைட்ரேட் வந்த நேரத்தில் இன்று வேறொன்று வரலாம். அதனால் ஒவ்வொரு நாளும் தெரிந்த கரைசலை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் குளோரைடு மலை மாதிரி நிற்கும்போது பக்கத்தில் உள்ள சின்ன நைட்ரைட் மறைந்துபோகும். பைகார்பனேட்டை இதில் நம்பக்கூடாது, காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து கணக்கைக் கெடுக்கும். அதற்குப் பழைய பியூரெட்தான் கதி. புளோரைடு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் புளோரைடு மின்முனை வாங்கிக்கொள்ளுங்கள், இவ்வளவு சிரமம் வேண்டாம்.

ஆனால் எல்லா அயனியையும் ஒன்றாக அளப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. தண்ணீருக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது. ஆகவே நேரயனிகளின் கூட்டுத்தொகையும் எதிரயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன கணக்கையே எடுங்கள். மில்லி ஈக்விவலென்ட்டில் சோடியம் 5, கால்சியம் 3, மக்னீசியம் 2, பொட்டாசியம் 0.1. மொத்தம் 10.1. எதிர்ப்பக்கம் குளோரைடு 5, பைகார்பனேட் 3, சல்பேட் 1, நைட்ரேட் 1, புளோரைடு 0.1. அதுவும் 10.1. வரவும் செலவும் நேராகிவிட்டது. இரண்டுக்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கேயோ தப்பு, விடையை வெளியே கொடுக்காதே என்று அர்த்தம். புளோரைடின் பங்கு அதில் நூற்றில் ஒன்றுதான். அதனால் கணக்கு நேரானாலும் புளோரைடைத் தனியாக இன்னொரு முறையில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

நமது சங்கம் கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். நுழைவாயில் வளைவு, கலையரங்க நாற்காலி, கல்வெட்டு எல்லாம் நல்ல காரியங்களே. நான் கேட்பது வேறு. மூன்று துறை மாணவர்கள் சேர்ந்து இந்தக் கருவி ஒன்றை இங்கேயே கட்டட்டும். வேதியியல் துறை கரைசலைப் பார்க்கட்டும். எலக்ட்ரானிக்ஸ் துறை வளையமும் சுற்றும் செய்யட்டும். மெக்கானிக்கல் துறை பெட்டியைச் செய்யட்டும். குழாயும், மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்ட உயர் அழுத்த மாட்யூலும் நாம் வாங்கிக் கொடுப்போம்.

இரண்டு நிபந்தனைகள். முதலாவது, 30,000 வோல்ட் விளையாட்டுச் சாமான் அல்ல. பெட்டியின் கதவைத் திறந்ததும் மின்சாரம் தானாக நிற்க வேண்டும். பேராசிரியர் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. இரண்டாவது, முதல் ஒரு வருஷம் எந்த ஊருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கக்கூடாது. அதே மாதிரித் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கும் அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். "குடிக்கலாம்" என்று தவறாக எழுதிக்கொடுத்த ஒரு சீட்டை நம்பி ஒரு வீடு பத்து வருஷம் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தும். எழுதாமல் இருந்தாலாவது அவர்கள் வேறு இடத்தில் கேட்பார்கள்.

அந்த ஒரு வருஷம் கழித்து, சுற்றுவட்டாரத்துக் கிணறுகளுக்கும் போர்களுக்கும் மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை கணக்கெடுக்கலாம். நம் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பிராஜெக்ட் எனக்குத் தோன்றவில்லை. கிராமத்துக்காரர் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றால், பதில் சொல்ல ஒரு இடம் இருக்கும்.

என் பங்குக்கு, மின்சுற்று வரைபடத்தையும், வருஷத்தில் ஒரு வாரத்தையும் தருகிறேன். மற்றதைச் செயற்குழு முடிவு செய்யட்டும். ஆர்வமுள்ள தம்பி தங்கையர் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.